சர்க்கரையும் செங்குத்தும்

ஆரணி பழைய பேருந்து நிலையத்தை விட்டுக் கிளம்பும் காலைப் பேருந்தில், கம்பியைப் பிடிக்காமல் நின்றபடியே சக்ரேஸ்வரி விரலைக் குத்திக்கொள்கிறார். இடது கை நடுவிரலின் ஓரம். நுனியில் குத்தினால் அன்றைக்கு முழுக்க எதைத் தொட்டாலும் சுரீரென்று இருக்கும். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது. கூட்டம் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அவர் மட்டும் முழங்கால்களைச் சற்றே மடக்கி, அந்த ஆட்டத்தை இடுப்பில் வாங்கிக்கொண்டு, விரலில் முளைத்த சிவப்புப் பொட்டைக் கருவியின் நாக்கில் தொடுகிறார். பிறகு கைக்குட்டையில் ஒற்றிக்கொள்கிறார். அந்தக் கைக்குட்டை முழுக்கப் பழுப்புப் புள்ளிகள், எத்தனை முறை துவைத்தும் போகாதவை.

ஒருநாள் பூக்கூடையோடு பக்கத்தில் நின்ற அம்மாள் உச்சுக்கொட்டினார். "பாவம், இந்த வயசுலயே சுகரா?"

சக்ரேஸ்வரி கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாவம் பண்ணவங்களுக்குத்தாங்க பாவம். எனக்குச் சுகரு."

பேருந்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. பள்ளிக்கூட நாளிலிருந்து தீட்டித் தீட்டி வைத்திருக்கும் பதில்.

ஆள் குள்ளம். கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிய கயிறு மாதிரி. பருத்திப் புடவை, அதற்குக் கீழே சேறு காய்ந்த ஓட்டக் காலணி. பட்டு நெய்கிற, பட்டு விற்கிற, கல்யாணப் பேச்சில் பாதியைப் பட்டைப் பற்றியே பேசுகிற ஊரில் ஒரு பட்டுப் புடவைகூட வைத்துக்கொள்ளாதவர். சமணக் குடும்பம், புழுவைக் கொல்ல மனம் வராமல் விட்டிருப்பார் என்று ஊர் நினைக்கிறது. அவரைக் கேட்டால், "அதுவும்தான். ஆனா வேர்வைய உறிஞ்சாதுங்க அது," என்பார்.

ஊருக்கு வெளியே நெல்வயல்களுக்கு நடுவில் நிற்கும் ஒரு தனியார் உடற்கல்விக் கல்லூரியில் அவர் உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியர். தெருவில் 'பி.டி. டீச்சர்' என்கிறார்கள். விசில் எங்கே மேடம் என்று மளிகைக் கடைக்காரர் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். சக்ரேஸ்வரி தன் வாழ்க்கையைக் கொடுத்தது ஒரே ஒரு கேள்விக்கு. தீராத நோயோடு வாழ்கிற உடம்பு மலை ஏறும்போது உள்ளே என்ன நடக்கிறது? சர்க்கரைக்காரர், ஆஸ்துமாக்காரர், இதயத்தில் பழுதுள்ளவர், இவர்கள் மேட்டில் எவ்வளவு தூரம் போகலாம், எந்த இடத்தில் உட்கார வேண்டும், உட்கார்ந்தபின் எப்போது எழலாம்? வெளிநாட்டுப் பல்கலைக்கழகக்காரர்கள் அவர் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறார்கள். அதை மளிகைக் கடைக்காரரிடம் சொல்வதில் பயனில்லை.

கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும். இவருக்கு இறங்கும். வகுப்பில் அவர் கத்தும்போது மாணவர்கள் பயப்படுவதில்லை. சத்தம் குறைந்து, மெல்ல, "சொல்லுங்க" என்று கேட்டாரானால் பெஞ்சு நுனிக்கு வந்துவிடுவார்கள். சில சொற்கள் அவர் காதில் விழவே கூடாது. பாவம் என்பது ஒன்று. ஜாக்கிரதை என்பது இன்னொன்று. எல்லாவற்றிலும் கொடியது, 'உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.' அதைக் கேட்டால் அவர் காது மடல்கள் சிவந்துபோகும். சிவப்பைப் பார்த்ததும் அவருடைய அம்மா பேச்சை மாற்றிவிடுவார்.

பூர்வீகம் வெம்பாக்கம் பக்கத்துக் கிராமம். அப்பா ஜீவகுமார் நெல் விவசாயி. பள்ளி வயதில் ஒரு கோடையில், தண்ணீர் குடித்துக் குடித்தும் தாகம் தீராமல், ஒரு மாதத்துக்குள் எலும்பாகிப்போன பெண்ணை வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இனி உயிருள்ளவரை ஊசி என்றார்கள். பொழுது சாய்ந்தபின் வாயில் எதுவும் போடாத வீடு அது. இரவில் சர்க்கரை இறங்கினாலோ மகள் குளுக்கோஸைத் தின்றே ஆக வேண்டும். அம்மா அதற்கொரு வழி கண்டுபிடித்தார்: அதைச் சாப்பாடென்று சொல்லக் கூடாது, மருந்து என்றுதான் சொல்ல வேண்டும். மகளுக்கு அதிலும் கோபம். சாப்பிடுவதைச் சாப்பாடென்றே சொல்லு, எனக்காகச் சொல்லை மாற்றாதே என்று சண்டை போட்டார். அம்மா அதன் பிறகும் மருந்து என்றுதான் சொல்லிவந்தார்.

ஓடாதே என்று ஊர் சொன்னதால் ஓடினார். மாநில அளவில் நெடுந்தூர ஓட்டத்தில் பெயர் வாங்கினார். கல்லூரி முடித்ததும் வடக்கே ஒரு மலையேற்றப் பயிற்சி முகாமுக்கு இடம் கிடைத்தது. ரயிலில் உட்கார்ந்தும் நின்றும் போய்ச் சேர்ந்தார். முகாம் மருத்துவர் பையைத் திறந்து பார்த்தார். இன்சுலின் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். திரும்பிப் போ, மலை உன் மாதிரி ஆட்களுக்கு இல்லை என்றார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று சக்ரேஸ்வரி கேட்டார். மருத்துவர் விதிமுறைப் புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினார். அதை எழுதியவர் யார், எந்தச் சர்க்கரைக்காரரை மலையில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதினார் என்று அடுத்த கேள்வி வந்தது. மருத்துவர் கெட்டவரல்ல. தெரியவில்லையே அம்மா என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டுவிட்டுத் திரும்பும் ரயிலுக்கு அவரே ஆள் அனுப்பி இடம் போட்டுக் கொடுத்தார்.

வழியெல்லாம் அந்தக் கோபம் அடங்கவில்லை. ஆரணியில் இறங்கும்போது அது ஆராய்ச்சிக் கேள்வியாக மாறியிருந்தது. யாரையும் ஏற்றிப் பார்க்காமலே எழுதிய வரி அது. அப்படியானால் ஏற்றிப் பார்த்துவிட வேண்டியதுதான்.

சில வருஷங்கள் கழித்து அதே வடக்கு மலைகளுக்கு அவர் ஆராய்ச்சியாளராகப் போனார். கூடவே சர்க்கரைக்காரர்கள் கொண்ட ஒரு சிறு குழு. இன்சுலின் உறைந்துவிடாமலிருக்க ஆளுக்கொரு குப்பியை உள்ளாடைக்குள் உடம்பின் சூட்டில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். குளிரில் சோதனைக் கருவிகள் பொய் சொல்வதைக் கண்டுபிடித்தார்கள். சக்ரேஸ்வரிக்குக் கால் நகங்கள் கறுத்து உதிர்ந்தன. கணவாய்க்கு மேலே நின்று எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் ஒவ்வொருவர் விரலாகக் குத்திக்கொண்டிருந்தார். முனைவர் பட்டம் வந்தது. சென்னையிலிருந்தும் வடக்கிலிருந்தும் வேலைக்கு அழைத்தார்கள். அவர் ஆரணிக்கே வந்தார். அப்பா காலமானபின் அம்மா தனியாக இருக்கிறார் என்பது ஒரு காரணம். இன்னொன்றை அவரே சொல்வார்: "உக்காந்தே இருக்கற ஊருங்க இது. தறியில உக்காருவாங்க, கடை மெத்தையில உக்காருவாங்க, ரைஸ் மில் கல்லாவுல உக்காருவாங்க. வீட்டுக்கு ஒரு சுகர் இருக்குது. மல மேல ஏத்திப் பாக்க இதவிட நல்ல ஊரு எங்க இருக்குது?"

அப்படித்தான் ஆரணியில் ஒரு குழு சேர்ந்தது. முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிகளுக்குப் பாவும் ஜரிகையும் கொடுத்து வேலை வாங்கும் அருணகிரி வந்தார். காலின் சுண்டுவிரல் ஒன்றைச் சர்க்கரைக்குக் கொடுத்தவர். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டும் ஸ்வர்ணலதா வந்தார். சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. வாடிக்கையாளர் முன்னால் மூச்சிரைத்து விழுந்துவிடுவாளோ என்று பயந்து முதலாளி அவரை மாடிக்கு அனுப்புவதில்லை. விலை கூடின புடவைகளெல்லாம் மாடியில்தான். இன்னும் சிலரும் வந்தார்கள், எல்லாரும் நடுவயது தாண்டியவர்கள், எல்லாருக்கும் உடம்பில் ஒன்று. முதலில் கோட்டை மைதானத்தைச் சுற்றினார்கள். பிறகு கல்லூரி மாடிப்படிகளில் ஏறி இறங்கினார்கள். பிறகு மாதம் ஒருமுறை படவேட்டுக்குப் போய், ஜவ்வாது மலைப் பக்கம் ஏறும் காட்டுப் பாதையில் அளந்து அளந்து நடந்தார்கள். மார்பில் பட்டை, விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கவ்வி, கையில் தடி. சக்ரேஸ்வரி எப்போதும் கடைசியில் நடப்பார். முன்னால் போகிறவர் வேகத்தை முடிவுசெய்தால் நோயாளி செத்தான் என்பது அவர் கொள்கை. பின்னால் வருகிறவர்தான் வேகம்.

மூன்றாம் பயணத்தில், பாதி மேட்டில், அவருக்கே உதடு மரத்தது. சர்க்கரை இறங்குகிறது என்பதற்கு அவர் உடம்பு கொடுக்கும் முதல் தந்தி அது. எல்லாரையும் உட்காரச் சொன்னார். தானும் பாதை நடுவில் உட்கார்ந்தார். விரலைக் குத்திப் பார்த்தார், குளுக்கோஸ் மாத்திரைகளை மென்றார், கண்ணை மூடிக்கொண்டார். வியர்வை ஊற்றியது, கை நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குத்திப் பார்த்தார். எழுந்தார். போகலாம் என்றார். எல்லாரும் உச்சிவரை போய்வந்தார்கள். அவரைப் பொறுத்தவரை அன்று நடந்ததில் சொல்லத் தகுந்தது எதுவுமில்லை.

மறுநாள் காலை ஆரணியின் பாதிக் கைப்பேசிகளில் அந்தக் காட்சி ஓடியது. கண்ணை மூடி, வியர்த்து, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பகுதி மட்டும். எழுந்து நடந்ததை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். 'மலையில் மயங்கி விழுந்த ஆரணி பேராசிரியை' என்று தலைப்பு. மளிகைக் கடைக்காரர் அன்றுதான் முதன்முறையாக விசிலைப் பற்றிக் கேட்கவில்லை. பாவம் என்பது போலப் பார்த்தார்.

கல்லூரிச் செயலாளர் சந்திரமோகன் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். அன்றும் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார். பக்கத்து நாற்காலியில் இளைய விரிவுரையாளர் குணா உட்கார்ந்திருந்தார். திடகாத்திரமான ஆள், கபடி விளையாடியவர், மலை ஏறியதில்லை. சக்ரேஸ்வரி பரிந்து பேசித்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது.

செயலாளர் மெதுவாக ஆரம்பித்தார். நான் உங்கள் அண்ணன் மாதிரி என்றார். நாளைக்கே அங்கே ஏதாவது ஆகிவிட்டால் கல்லூரிக்குக் கெட்ட பெயர் என்றார். நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர் தானே நோயாளியாக இருப்பது சரியல்ல என்று நாலு பேர் கேட்கிறார்கள் என்றார். ஆகவே ஆராய்ச்சியைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்து, பிறகு குணாவைத் தலைமையேற்கச் செய்யலாம் என்று நிர்வாகம் நினைக்கிறது. கடைசியில் அந்த வாக்கியமும் வந்தது.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மேடம்."

சக்ரேஸ்வரியின் குரல் இறங்கிவிட்டது. தான் மயங்கவில்லை என்றார். "எறங்குச்சு, உக்காந்தேன். சாப்ட்டேன், ஏறுச்சு. எழுந்து போனேன். இந்த ஆராய்ச்சியே இதுதாங்க. இத நீங்க விபத்துன்னு நெனச்சா, பத்து வருஷமா நான் என்ன பண்ணிட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரியலன்னு அர்த்தம்."

சந்திரமோகன் தலையாட்டிக்கொண்டார். புரிகிறது, புரிகிறது என்றார். பிறகு, சங்கடமான பேச்சு முடிந்த நிம்மதியில், நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது என்றார். மகளிர் தின விழாவுக்குப் பெரிய விருந்தினர் வருகிறார். 'நோயை வென்ற வீராங்கனை' என்று சக்ரேஸ்வரிக்கு அன்று பாராட்டு. பேனர்கூட அச்சுக்குப் போய்விட்டது.

சக்ரேஸ்வரி எழுந்துகொண்டார். "வென்றவளுக்கு எதுக்கு சார் ரெஸ்ட்டு?"

வெளியே தாழ்வாரத்தில் குணா பின்னால் வந்தார். நான் கேட்கவில்லை மேடம், அவராகத்தான் கொடுத்தார் என்றார். வேண்டாம் என்று சொன்னீர்களா என்று சக்ரேஸ்வரி கேட்டார். அன்று மாலைக்குள் மார்புப் பட்டைகளும் விரல் கவ்விகளும் குணாவின் அறை அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன.

அந்தக் காட்சியை எடுத்தவர் யார் என்பது அதற்குள் தெரிந்துவிட்டது. ஸ்வர்ணலதா. கல்லூரியிலிருந்து நேராகப் பட்டுக்கடைக்குப் போனார் சக்ரேஸ்வரி. கல்யாணப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பம் மெத்தையில் உட்கார்ந்திருந்தது. ஸ்வர்ணலதா அரக்கு நிறப் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். சக்ரேஸ்வரி செருப்பு விடும் இடத்திலேயே நின்றுகொண்டு, கடையில் யாருக்கும் கேட்காத குரலில், ஸ்வர்ணலதாவுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். நம்பிக் கூட்டிப்போனேன் என்றார். என் உடம்பு உனக்கு வேடிக்கையா என்றார். இத்தனை வருஷமாக நான் கட்டியதை ஒரு நிமிஷத்தில் கலைத்துவிட்டாய் என்றார். அன்றுவரை அவர் வெளியாள் யாரையும் ஒருமையில் பேசி யாரும் கேட்டதில்லை.

ஸ்வர்ணலதா புடவையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தார். மெத்தையில் வைத்து ஓரங்களை நீவினார்.

"எங்க அக்காவுக்குத்தான் அனுப்பனேன் மேடம். அவுளுக்கும் மூச்சு. எங்க ரெண்டு பேருக்கும் இரைக்கறப்ப பாத்ரூம்ல போயி ஒளிஞ்சிகினுதான் பழக்கம். நீங்க அத்தினி பேர் முன்னாடி நடுப் பாதையில உக்காந்துகினு, வெக்கப்படாம சாப்ட்டு, எய்ந்து போனீங்க. அத்தப் பாக்கட்டும்னுதான் எடுத்தேன். அவ புள்ள எவனுக்கோ அனுப்பிட்டான், அவன் வெட்டிட்டான். கேக்காம எடுத்தது தப்புதான்."

சக்ரேஸ்வரி ஏதோ சொல்ல வந்தார். ஸ்வர்ணலதா விடவில்லை.

"ஆனா கோவம் உங்களுக்கு மட்டுந்தானா? உங்க ஒடம்புல ஒண்ணுன்னா எங்க மலய நிறுத்திடுவாங்களா? நாங்க இன்னா ஆவோம்னு அந்த ஆளு கேக்கல. நீங்களும் கேக்கல. இங்க வந்து பேஜாரு பண்ணிகினு நிக்கறீங்க."

அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. கல்யாண வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். கல்லாவிலிருந்து முதலாளி பாதி எழுந்தார். ஸ்வர்ணலதா பின்பக்கம் போகவில்லை. மடித்த புடவைக்குப் பக்கத்திலேயே மெத்தையில் உட்கார்ந்து, இடுப்புப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, எல்லாரும் பார்க்க உறிஞ்சினார். அடக்கி, விட்டு, மறுபடியும் உறிஞ்சினார். பிறகு வாடிக்கையாளரிடம், "அந்தப் பச்சையக் காட்டட்டுமாங்க?" என்று கேட்டார்.

சக்ரேஸ்வரி செருப்பு விடும் இடத்திலேயே வெகுநேரம் நின்றார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன. முகாம் மருத்துவர் மேல், செயலாளர் மேல், குணா மேல், வெட்டினவன் மேல், இத்தனை வருஷமும் கோபம் எப்போதும் வெளியே யார் மேலாவதுதான் போயிருக்கிறது. அது திரும்பித் தன் மேலேயே வந்து விழும்போது எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் அவரும் மெத்தை ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். பச்சைப் புடவை விற்றுப் போகும்வரை காத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை படவேட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். 'வா' என்றில்லை, 'வர முடியுங்களா' என்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் மகளிர் தினம்.

காட்டுப் பாதைக்கு வாங்கிய அனுமதி கல்லூரி பெயரில் இருந்தது. அது போயிற்று. ஆனால் படவேட்டில் மலைக்கோயிலுக்கு ஏறும் கல்பாதை ஒன்று உண்டு. அருணகிரி அதைச் சொன்னார். "கோயிலுக்குப் போறவன எவன் தடுப்பான் மேடம்?" என்று தேங்காயும் கற்பூரமும் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். கருவிகள் இல்லை. அவரவர் வீட்டுச் சோதனைக் கருவி, அவரவர் மருந்து, சக்ரேஸ்வரியின் கைக்கடிகாரம், இவ்வளவுதான். கிளம்புகிற காலையில் அம்மா வாசலில் நின்றார். விழாவுக்குப் போகவில்லையா என்று கேட்டார். இல்லை என்றார் மகள். வேலை போய்விடுமா என்று கேட்டார். போகலாம் என்றார். அம்மா மகள் குளுக்கோஸ் வைக்கும் பையைக் காட்டி, சாப்பாட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டார். மகள் ஒரு கணம் அம்மாவை உற்றுப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டேன் என்றார்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வேலை போகவில்லை. போக வைப்பதற்கு, நீக்குவதைவிட மரியாதையான வழிகள் இருந்தன. அந்தப் பருவம் முழுக்க அவருக்கு வகுப்பே கொடுக்கவில்லை. அறையை மாடியிலிருந்து கீழே மாற்றினார்கள், 'படி ஏறிக் கஷ்டப்பட வேண்டாம்' என்று. அவர் காலையில் வந்து, யாரும் கேட்காமலே மாடி வரை ஏறி இறங்கிவிட்டு, கீழ் அறையில் உட்கார்ந்து எழுதினார். கல்பாதையில் எடுத்த அளவுகளையும் சேர்த்து அவர் எழுதிய கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்தபோது, ஆசிரியர் பெயருக்குக் கீழே கல்லூரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஆரணி' என்று மட்டும் இருந்தது. சந்திரமோகன் விளக்கம் கேட்டார். எனக்கு இடம் கொடுத்தது ஊர்தான் என்று சக்ரேஸ்வரி பதில் சொன்னார். இப்போதும் இருவரும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கிறார்கள். வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். ஸ்வர்ணலதா மாடியில் நின்று விலை கூடின புடவைகளை விரிக்கிறார். முதலாளி அதைத் தன் தாராள மனசு என்று சொல்லிக்கொள்கிறார். ஸ்வர்ணலதா மறுப்பதில்லை.

அந்த மகளிர் தினக் காலைக்கு வருவோம். கல்லூரி மைதானத்தில் பந்தல் நிறைந்து, பெரிய விருந்தினர் வந்து, பாராட்டப்பட வேண்டியவரின் நாற்காலி மட்டும் காலியாக இருக்கிறது என்பது தெரிந்தபோது, சந்திரமோகன் குணாவை ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். எங்கே இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா என்று உத்தரவு. மலை அடிவாரத்தில் பூ விற்கிறவர்கள் கையைக் காட்டினார்கள். குணா ஏறினார். ஏறவில்லை, ஓடினார்.

மேலே, பாதை திரும்பும் பாறையில், குழு இளைப்பாறிக்கொண்டிருந்தது. வெயில் ஏற ஆரம்பித்த நேரம். அருணகிரி காலணியைக் கழற்றி, விரல் போன இடத்தில் கொப்புளம் ஏதும் வந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து தோல் காலணி கல்லில் வழுக்குகிற சத்தம் கேட்டது. விழாவுக்குப் போட்ட கோட்டு, கழுத்துப் பட்டை, சட்டை முழுக்க வியர்வை, குணா வந்து அவர்கள் முன்னால் நின்றார். நிற்க முடியவில்லை. முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்துகொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"மேடம்... கீழ... ஜீப்பு..."

"உக்காருங்க," என்றார் சக்ரேஸ்வரி.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் மறுபடியும் வாயைத் திறந்தார். செயலாளர், விருந்தினர், மேடை, எல்லாம் ஒன்றாக வரப் பார்த்தன. சக்ரேஸ்வரி பாறையில் அவர் எதிரே உட்கார்ந்து, அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கோட்டுக் கையை மேலே தள்ளி, கட்டைவிரலுக்குக் கீழே நாடியில் இரண்டு விரல்களை அழுத்தினார். மறு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த விரல்களில் கோபம் இருந்தது. அதனால் பிடி தளரவில்லை, அளவும் பிசகவில்லை.

ஸ்வர்ணலதா எழுந்து புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே நடக்க ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். அருணகிரி தேங்காய்ப் பையை எடுத்துக்கொண்டு, அந்த இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்.

"சார் உங்கள உடனே..." என்று குணா தொடங்கினார்.

"இன்னும் எறங்கல," என்றார் சக்ரேஸ்வரி, கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "பேசாதீங்க." கையை விடவில்லை.